அந்த வேலை உண்மையில் இருக்கிறதா?

அயல்நாட்டுப் பணிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் சிந்திக்க

மாலை வேளை. வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் அமர்ந்திருக்கின்றனர். இருவருக்கும் நடுவே ஒரு கடிதம் கிடக்கிறது. தம்பியின் மகனுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்துவிட்டது என்று முகவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கடிதம் அது. நிலத்துக்கு விலை பேசி முடித்தாயிற்று. மறுநாள் முன்பணம் கட்ட வேண்டும்.

"என்ன வேலை, தம்பி?"

"மேனேஜர் வேலைண்ணே."

"எந்த இடத்திலே?"

"ஒரு கடையாம். லண்டன் பக்கத்திலே."

"அந்தக் கடையிலே மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? இதற்கு முன்னே அங்கே மேனேஜராக இருந்தது யார்?"

தம்பியிடம் விடை இல்லை. "விசா வந்தால் போதாதாண்ணே? அதையெல்லாம் நாம் ஏன் கேட்க வேண்டும்?" என்கிறார்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆயினும் இத்தகைய திண்ணைகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். படிப்பறிவு அதிகம் இல்லாத அந்த அண்ணன் கேட்டாரே, அந்த இரண்டு கேள்விகள்! பிரிட்டிஷ் அரசின் விசா அதிகாரியும் ஏறத்தாழ அவற்றையேதான் கேட்கிறார். அவர் கேட்கும் முன்னே நாம் கேட்டுவிட்டால் நிலம் தப்பும். கேட்கத் தவறினால் நிலமும் போகும், பிள்ளையின் நற்பெயரும் போகும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆளையா, வேலையையா?

அயல்நாடு செல்ல விரும்பும் இளைஞர், தம்முடைய தகுதியை மெய்ப்பித்துவிட்டால் போதும் என்றே பெரும்பாலும் எண்ணுகிறார். பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவற்றைக் கோப்பில் அடுக்கி வைக்கிறார். அவையெல்லாம் தேவைதான். ஆனால் அவை ஆளைப் பற்றிய சான்றுகள். சட்டமோ ஆளைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் வேலையையும் பார்க்கிறது.

பிரிட்டனில் 'திறன்மிகு பணியாளர் விசா' என்னும் முறை 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதைப் பெற 70 புள்ளிகள் வேண்டும். அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைத்தால் 20. அந்த வேலை உரிய திறன் நிலையில் இருந்தால் 20. உரிய சம்பளம் இருந்தால் 20. ஆங்கில அறிவுக்கு 10. எண்ணிப் பாருங்கள்! இந்த எழுபதில் அறுபது புள்ளிகள் அழைக்கும் நிறுவனத்தையும், வேலையின் தரத்தையும், அதற்குரிய ஊதியத்தையும் சார்ந்தவை. விண்ணப்பிப்பவரின் ஆங்கிலத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவை பத்தே பத்துதான்.

புள்ளிகள் அனைத்தும் கிடைத்துவிட்டாலும் இன்னொரு வாயில் இருக்கிறது. அந்த வேலை உண்மையில் இல்லாதது என்றோ, வெறும் பாசாங்கு என்றோ, பெரிதும் விசா பெறுவதற்காகவே உண்டாக்கப்பட்டது என்றோ நம்புவதற்கு நியாயமான காரணம் அதிகாரிக்கு இருக்குமானால், அவர் விசாவை மறுத்துவிடலாம். இதனை 'உண்மையான காலியிடம்' பற்றிய சோதனை என்பர்.

சுருங்கச் சொன்னால், நாற்காலி முதலில் இருக்க வேண்டும். அதில் அமர ஆள் பிறகு வர வேண்டும். ஒருவரை அழைத்து வருவதற்காகவே ஒரு நாற்காலி செய்யப்பட்டதென்றால், அந்த நாற்காலி செல்லாது.

கடையின் அளவும் பதவியின் அளவும்

வேலை உண்மையானது என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? நிறுவனங்களுக்கு அந்நாட்டு உள்துறை வகுத்துள்ள வழிகாட்டி நெறிகளில் மூன்று அளவுகோல்கள் உள்ளன.

முதலாவது, பதவிக்கு உரியவையாகச் சொல்லப்படும் கடமைகளைப் பணியாளர் மெய்யாகவே செய்ய வேண்டியிருக்க வேண்டும். இரண்டாவது, அப்பதவிக்குத் தொடர்பில்லாத வேலைகளோ, பெரும்பாலும் தாழ்ந்த நிலை வேலைகளோ அதில் கலந்திருக்கலாகாது. மூன்றாவது, அந்தப் பதவி நிறுவனத்தின் தொழில் முறைக்கும், திட்டத்துக்கும், அளவுக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது அளவுகோலைச் சற்று நின்று கவனிப்போம். நம் ஊர்த் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், கல்லாவில் தாம் அமர்ந்து, பொட்டலம் கட்ட ஒரு பையனை வைத்திருக்கிறார். திடீரென்று அவர், "எனக்கு ஒரு விற்பனை மேலாளரும், ஒரு கணக்காய்வாளரும், ஒரு கணிப்பொறி வல்லுநரும் உடனே தேவை" என்று விளம்பரம் செய்தால் ஊர் என்ன சொல்லும்? சிரிக்கும் அல்லவா? விசா அதிகாரிக்கும் அதே ஐயம்தான் எழுகிறது. அந்தக் கடையின் வரவு எவ்வளவு? இத்தனை சம்பளம் கொடுக்க அதனால் இயலுமா? மேலாளர் யாரை மேலாண்மை செய்யப்போகிறார்?

ஆகவே, 'இன்றியமையாத பணி' என்று கடிதத்தில் எழுதிவிட்டால் மட்டும் பணி இன்றியமையாதது ஆகிவிடாது. 'இவர் வந்தே ஆக வேண்டும்' என்று முதலாளி எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. அந்த இடம் காலியாக இருப்பதனால் எந்த வேலை நின்றுபோயிற்று, இதுவரை அதை யார் செய்தார், இனி ஏன் அவரால் செய்ய இயலவில்லை என்பனவற்றைக் காட்டினால்தான் அதிகாரியின் மனத்தில் அது நிற்கும்.

சமையற்காரர்களைப் பற்றிய பழைய விதி ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் வரை, பற்றாக்குறைப் பணிப் பட்டியலின்கீழ் அயல்நாட்டுச் சமையல் வல்லுநரை பிரிட்டனுக்கு அழைக்க விரும்பிய உணவகம், உணவைப் பொட்டலமாக வாங்கிச் செல்லும் வசதி வைத்திருந்தால் அழைக்க முடியாது என்று விதி இருந்தது. பொட்டலம் விற்கும் கடைக்கு உயர்ந்த திறனுடைய சமையல் வல்லுநர் எதற்கு என்பதே அதன் உட்கருத்து. நல்ல உணவகங்களும் பொட்டலம் விற்கின்றனவே என்று உணவகத்தார் முறையிட்டு வந்தனர். பின்னர் அந்தத் தடை நீக்கப்பட்டது. விதி சரியோ தவறோ, அதிகாரிகளின் எண்ணம் எத்திசையில் ஓடுகிறது என்பதை அது நமக்குக் காட்டுகிறது. தட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் பார்க்கிறார்கள்.

முதலாளி காட்ட வேண்டிய சான்று

அயல்நாட்டவரை வேலைக்கு அழைக்க விரும்பும் நிறுவனம் முதலில் உள்துறையிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்றபின், நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரை அழைக்க வேண்டுமானால், 'ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்' ஒன்றைத் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். பெயர் சான்றிதழ் என்றாலும் அது சட்டம் போட்டு மாட்டும் காகிதம் அன்று. கணிப்பொறியில் பதியப்பட்ட விவரமும் அதற்குரிய எண்ணும்தான். பதவியின் பெயர், நான்கு இலக்கத் தொழிற் குறியீடு, கடமைகள், சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த முகவரியில் வேலை என்பன அதில் இருக்கும். சான்றிதழ் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அவர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

நான்கு இலக்கக் குறியீடு சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பல விண்ணப்பங்கள் தடுக்கி விழும் படி அதுவே. எடுத்துக்காட்டாக, பராமரிப்புப் பணியாளருக்கு 6135 என்றும், மூத்த பராமரிப்புப் பணியாளருக்கு 6136 என்றும் குறியீடுகள் உண்டு. பெயரில் 'மூத்த' என்று ஒரு சொல்தான் வேறுபாடு. கடமையிலோ பெரிய வேறுபாடு. தமக்குக் கீழ் உள்ளவர்களை வழிநடத்துபவரே மூத்தவர். குறியீட்டில் ஒன்றும் அன்றாட வேலையில் வேறொன்றும் இருக்குமானால், அது பின்னர் நிறுவனத்தின் உரிமத்துக்கே கேடாக முடியும்.

உள்நாட்டில் இன்னின்ன முறையில் விளம்பரம் செய்து ஆள் தேடிய பிறகே வெளியாரை அழைக்கலாம் என்றிருந்த பழைய கட்டாயச் சோதனை 2020-ஆம் ஆண்டோடு நீங்கிவிட்டது. எனினும், இந்த ஆளை எவ்வாறு கண்டெடுத்தீர்கள் என்று கேட்டால் நிறுவனம் விடை சொல்லியாக வேண்டும். விளம்பரம் செய்திருந்தால் அதன் படி, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற விவரம், நேர்முகத் தேர்வின் குறிப்புகள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தில் யார் யாருக்குக் கீழே யார் யார் என்று காட்டும் பணியமைப்பு வரைபடம், ஒப்பந்தங்கள், சம்பளப் பதிவேடு ஆகியவையும் அந்தப் பதவியின் இடத்தை விளக்கும் சான்றுகளே. நேர்மையான முதலாளிக்கு இவை சுமையல்ல. வேலை மெய்யாக இருந்தால் அதற்குரிய தாள்கள் தாமாகவே பிறந்திருக்கும். வேலை பொய்யானால்தான் தாள்களைப் புதிதாகப் பிறப்பிக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டிய சான்று

வேலை உண்மையானது என்பதற்குச் சான்று முதலாளியின் கோப்பில் மட்டும் இருப்பதன்று. விண்ணப்பிப்பவரின் வாயிலும் இருக்கிறது. ஐயம் எழுந்தால் அதிகாரி அவரை நேர்காணலுக்கு அழைக்கலாம். அங்கே அவர் கேட்பவை பெரிய வினாக்கள் அல்ல. நீங்கள் செய்யப்போகும் வேலை என்ன? அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது? அது எந்த ஊரில் இருக்கிறது? உங்களை யார் தேர்வு செய்தார்கள், எவ்வாறு? இதற்கு முன் நீங்கள் செய்த வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உண்மையாகத் தேர்வு செய்யப்பட்டவர் இவற்றுக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தம்மைத் தேர்வு செய்த அதிகாரியிடம் அரைமணி நேரம் பேசியிருப்பார்; வேலையின் தன்மையை அறிந்திருப்பார். முகவர் ஒருவரையே கண்டு, முகவர் எழுதித்தந்ததையே ஒப்பிப்பவரோ இரண்டாம் கேள்வியிலேயே தடுமாறிவிடுவார். "முதலாளி பெயர் தெரியாது, முகவர்தான் பார்த்துக்கொள்கிறார்" என்று ஒருவர் சொன்னால், அந்த வேலை இருக்கிறது என்று யார்தான் நம்புவார்?

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அதனால் என்ன வந்துவிடும் என்று எண்ணலாகாது. விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததாக முடிவு செய்யப்பட்டால், அந்த விசா மறுக்கப்படுவதோடு நில்லாமல் பத்து ஆண்டுகள் வரை அந்நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படலாம். இருபத்தைந்து வயது இளைஞனுக்குப் பத்து ஆண்டு என்பது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுக்கப்பட்டபின் என்ன வழி? வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர், 28 நாள்களுக்குள் 'நிர்வாக மறுஆய்வு' கோரலாம். அதிகாரி பிழை செய்தாரா என்று மட்டுமே அதில் பார்க்கப்படும். முதலில் கொடுக்காமல் விட்ட சான்றுகளை அப்பொழுது கொண்டுவந்து குவித்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஆகவே, சொல்ல வேண்டியதை முதலிலேயே முழுமையாகச் சொல்லிவிடுவதே அறிவுடைமை.

பணம் யார் கையிலிருந்து?

வேலை மெய்யா பொய்யா என்பதை அறிய, எளிய மக்களும் கையாளக்கூடிய உரைகல் ஒன்று உண்டு. பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு ஓடுகிறது என்று பாருங்கள்.

ஆள் தேவைப்படும் முதலாளி, ஆளைப் பெறுவதற்காகச் செலவு செய்வார். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் கட்டணம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் 525 பவுண்டாக உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் சுமார் அறுபதாயிரம் ரூபாய். இதையன்றி, ஒவ்வோர் ஆண்டுக்கும் 'திறன் வரி' என்று தனியே நிறுவனம் கட்ட வேண்டும். அந்த வரியைப் பணியாளர் தலையில் கட்டக்கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே விதி. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் முதல், உரிமக் கட்டணத்தையும் சான்றிதழ்க் கட்டணத்தையும்கூடத் திறன்மிகு பணியாளரிடமிருந்து வசூலிக்கலாகாது என்று விதி கடுமையாக்கப்பட்டது. மீறினால் நிறுவனம் உரிமத்தை இழக்க நேரிடும்.

பணியாளர் கட்ட வேண்டியவை என்று உள்ளவை விசா விண்ணப்பக் கட்டணமும், மருத்துவக் காப்புக்கான ஆண்டுக் கட்டணமும்தாம். அவற்றையும் கணிப்பொறி வழியாக அரசுக்கே நேராகச் செலுத்தி, பற்றுச்சீட்டுப் பெறலாம். செவிலியர் போன்ற மருத்துவத் துறையினருக்கு அந்த ஆண்டுக் கட்டணமும் இல்லை.

நிலைமை இவ்வாறிருக்க, "சான்றிதழுக்குப் பதினைந்து இலட்சம்" என்று ஒருவர் கேட்கிறார் என்றால் அதன் பொருள் என்ன? அங்கே விற்கப்படுவது வேலையன்று, தாள். கூலி கொடுக்க வேண்டியவன் கூலி வாங்குகிறான் என்றால், அங்கே உங்கள் மகன் வேலைக்காரன் அல்லன், வாடிக்கைக்காரன்.

முப்பத்தொன்பதாயிரம் பேர்

இவையெல்லாம் வெறும் அச்சுறுத்தல்கள் அல்ல. அண்மையில் நிகழ்ந்த துயரத்தைச் சொன்னால் விளங்கும்.

பிரிட்டனில் முதியோரையும் நோயுற்றோரையும் பராமரிக்க ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கும் இந்த விசா திறந்துவிடப்பட்டது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்றனர். பலருக்கு நல்ல வேலை கிடைத்தது, நன்றாகவே வாழ்கின்றனர். ஆனால் வேறு பலர் அங்கே இறங்கியபின்தான், தங்களை அழைத்த நிறுவனத்தில் பராமரிக்க முதியோரே இல்லை என்பதைக் கண்டனர். சிலருக்கு வாரத்தில் ஒரு சில மணி நேர வேலையே கிடைத்தது. தாளில் நாற்காலி இருந்தது. வீட்டில் நாற்காலி இல்லை.

அரசு விழித்துக்கொண்டது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே பராமரிப்புத் துறையில் 470-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. அவற்றோடு தொடர்புடைய பணியாளர் 39,000-க்கும் மேற்பட்டோர் என்று அரசே அறிவித்தது. ஒரு நிறுவனம் உரிமம் இழந்தால், அதனை நம்பி வந்தவருக்குப் புதிய முதலாளியைத் தேடிக்கொள்ளப் பொதுவாக 60 நாள்களே தரப்படுகின்றன. அதற்குள் கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான். கடன் கொடுத்தவரோ ஊரில் வாசற்படியில் காத்திருப்பார்.

"தவறு செய்தது நிறுவனம், பணியாளர் என்ன செய்வார்?" என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் 2025-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டாயமாக உரிமத்தைப் பறிக்க வேண்டிய குற்றங்களில், அதனால் நிறுவனத்துக்கும் பணியாளருக்கும் விளையும் பாதிப்பை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கடமை உள்துறைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அதாவது, முதலாளியின் பொய்க்குப் பணியாளரின் கண்ணீர் ஈடாகாது. ஆகவே, முதலாளியை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு புறப்படும் முன்னரே நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாளோடு, பராமரிப்புப் பணியாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கும் வழி மூடப்பட்டுவிட்டது. அன்று முதல் திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலையே வேண்டும் என்றும், பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு என்றும் உயர்த்தினர். அதற்குக் கீழ்நிலையில் உள்ள வேலைகளில், அரசு தனியே பட்டியலிட்ட சிலவற்றுக்கே இடமுண்டு. சமையல் வல்லுநர் வேலையும் புதிதாக வருவோருக்கு அன்றோடு அடைபட்டது. 2026-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் முதல் ஆங்கிலத் தேர்வின் தரமும் உயர்த்தப்பட்டது. எனவே, "பராமரிப்புப் பணிக்கு விசா வாங்கித் தருகிறேன்" என்று இனி ஒருவர் நம் வீட்டுக்கு வந்து சொன்னால், மூடிய கதவுக்குச் சாவி விற்கிறார் என்று அறிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே நடத்தக்கூடிய தேர்வு

அப்படியானால் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாமா? அவ்வாறு சொல்வது நம் நோக்கமன்று. நேரிய வழி இன்றும் திறந்தே இருக்கிறது. செவிலியரை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுச் செவிலியர் மன்றம் நடத்தும் கணிப்பொறித் தேர்வையும், ஆங்கிலத் தேர்வையும் எழுதி வென்ற ஒரு பெண், அரசு மருத்துவமனை ஒன்றின் நேர்முகத் தேர்வில் திரை வழியாகப் பேசுகிறாள். எந்தப் பிரிவில் பணி, எத்தனை படுக்கைகள், யாருக்குக் கீழ் வேலை என்பன அவளுக்குச் சொல்லப்படுகின்றன. சம்பளம் நாடு முழுவதற்கும் பொதுவான படிநிலையில் உள்ளது. அங்கே சென்றபின் செய்முறைத் தேர்வு ஒன்றும் உண்டு. அவளிடம் வேலைக்காகப் பணம் கேட்பதை இங்கிலாந்தின் மருத்துவப் பணியாளர் சேர்ப்பு நெறிமுறைகள் தடுக்கின்றன. நாற்காலி மெய்யாக இருக்கும்போது, அதைச் சுற்றியுள்ள எல்லாமே கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆகவே, எந்த வேலைக் கடிதம் வந்தாலும், குடும்பத்தார் கூடி அமர்ந்து சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் பெயர், உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் இருக்கிறதா? பிரிட்டிஷ் அரசு இப்பட்டியலைத் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர், ஊர், தரம் ஆகியவை அதில் உள்ளன. பெயர் இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. உரிமம் பறிக்கப்பட்ட நிறுவனங்களும் ஒரு காலத்தில் அப்பட்டியலில் இருந்தவைதாமே! நல்ல நிறுவனத்தின் பெயரைப் பிறர் திருடிப் பயன்படுத்துவதும் உண்டு. ஆதலால் நிறுவனத்தின் சொந்தத் தொலைபேசி எண்ணை நாமே தேடி எடுத்து, அதில் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது? எத்தனை பேர் வேலை செய்கின்றனர்? இந்தப் பதவி அதற்கு எதற்காக வேண்டும்? முன்பு இப்பதவியில் இருந்தவர் யார்? புதிய பதவி என்றால், அது உண்டாகக் காரணம் என்ன?

நம் பிள்ளையை முதலாளி தாமே நேரிலோ திரை வழியாகவோ பேசித் தேர்வு செய்தாரா? கடிதத்தில் சொன்ன கடமைகளை நம் பிள்ளை முன்பு செய்திருக்கிறானா? தொழிற் குறியீடு என்ன? அந்தக் குறியீட்டுக்குரிய கடமைகளும் கடிதத்தில் உள்ளவையும் ஒத்திருக்கின்றனவா?

பணம் கேட்பவர் யார்? எதற்கு? பற்றுச்சீட்டுத் தருவாரா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும்தான் பெறலாம். அவர் பதிவு பெற்றவரா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாடு அரசுக்கும் 1978-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்று உண்டு.

இந்தக் கேள்விகளுக்கு விடை தெளிவாக வந்தால், அச்சமின்றி விண்ணப்பிக்கலாம். விடைகள் மழுப்பலாக வந்தால், அதிகாரி மறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாமே மறுத்துவிடலாம்.

மீண்டும் திண்ணைக்கு வருவோம். தம்பி கடிதத்தைக் கையில் எடுக்கிறார். மேலும் கீழும் பார்க்கிறார். நிறுவனத்தின் தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் முகவரின் எண்தான் இருக்கிறது.

"நாளைக்கு முன்பணம் கட்டுவதாகச் சொல்லிவிட்டேனேண்ணே. சொன்ன சொல் என்ன ஆவது?"

"நிலம் நம்முடையது, பிள்ளையும் நம்முடையவன். நாலு நாள் பொறுக்கச் சொல், தம்பி. வேலை மெய்யாக இருந்தால் நாலு நாளில் எங்கும் ஓடிவிடாது. முதலில் அந்தக் கடையைக் கண்டுபிடிப்போம்."

பெற்றோர்களே! அந்த அண்ணன் சொன்ன நான்கு நாள்கள்தாம் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் வேலி. பிள்ளையின் திறமையை ஐயுற வேண்டாம். அவன் அமரப்போகும் நாற்காலியை மட்டும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.